தங்கத் தாதுத் தூசியும் குழந்தைகளின் காரீய நச்சும்

2010 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், நைஜீரியாவின் ஜம்ஃபாரா மாநிலக் கிராமங்களில் சிறு குழந்தைகள் வலிப்புக் கண்டு அடுத்தடுத்து இறந்தனர். மலேரியாவாக இருக்கலாம் என்று கருதி மருந்து கொடுத்தும் அவர்கள் தேறவில்லை. இரத்தப் பரிசோதனைக்குப் பின்னரே காரணம் காரீய நச்சு என்பது தெரியவந்தது. தாரேட்டா, யார்கல்மா ஆகிய இரு கிராமங்களில் மட்டும், முந்தைய ஓராண்டில் ஐந்து வயதுக்குட்பட்ட 463 குழந்தைகளில் 118 பேர் இறந்திருந்தனர்.

நச்சு வீட்டிற்குள் வந்தது எப்படி?

அப்பகுதியின் தங்கத் தாதுவில் காரீயம் மிகுதி. மக்கள் அப்பாறைகளை வீட்டு முற்றத்திலேயே உடைத்து, தானியம் அரைக்கும் இயந்திரத்தில் உலர்ந்த நிலையிலேயே பொடித்தனர். தூசி மண்ணிலும் நீரிலும் உணவிலும் படிந்தது. தவழும் குழந்தை மண்ணில் ஊன்றிய கையை வாயில் வைக்கும். விழுங்கிய காரீயத்தைக் குழந்தையின் உடல் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு கூடுதலாக உறிஞ்சுகிறது. இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் இது மேலும் கூடும்.

தங்கத்தைப் பிரிக்கச் சேர்க்கும் பாதரசமும் தீங்கானது. அதனைச் சூடாக்கும்போது எழும் ஆவி மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கும். ஆற்றில் கலந்தால் மீன்களில் சேரும்.

சிகிச்சை

காரீயத்தை உடலிலிருந்து வெளியேற்றும் மருந்துகள் உள்ளன. ஆனால் குழந்தை அதே தூசி படிந்த வீட்டிற்குத் திரும்பினால் மருந்தினால் நிலையான பயன் இல்லை. ஆகவே ஜம்ஃபாராவில் முற்றத்தின் மேல்மண்ணைச் சுரண்டி அகற்றி, நல்ல மண் இட்ட பின்னரே மருந்து தொடங்கப்பட்டது. பகேகா என்னும் ஊரின் குழந்தைகள் இதற்காக 2013 வரை காத்திருக்க நேர்ந்தது. மருத்துவர்களுக்கு இது எளிய முடிவாக இருந்திருக்காது. எனினும் சரியான முடிவு என்றே கருதுகிறேன்.

நீங்கள் கவனிக்க வேண்டியவை

தாது அரைப்பது நம் வீடுகளில் அரிது. ஆயினும் பழைய பேட்டரிகளை உடைத்துக் காரீயம் உருக்கும் வேலை வீட்டிலோ அருகிலோ நடந்தால், நச்சு இதே வழியில்தான் குழந்தையை அடையும். தொடர்ந்த வயிற்றுவலி, மலச்சிக்கல், இரத்தசோகை, எரிச்சல், கற்றலில் பின்னடைவு ஆகியவை இருப்பின் மருத்துவரை அணுகுங்கள். அறிகுறியே இல்லாமலும் பாதிப்பு இருக்கக்கூடும். குடும்பத்தினரின் தொழிலை மருத்துவரிடம் நீங்களே கூறுங்கள். நெரிசல் மிக்க புறநோயாளிகள் பிரிவில் நாங்கள் அதைக் கேட்கத் தவறுவதுண்டு.

இரத்தத்தில் காரீயம் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால், அது எங்கிருந்து வருகிறது எனக் கண்டறிந்து நீக்க வேண்டும். குழந்தைகளுக்கு 45ஐ எட்டினால் மருந்து தேவைப்படும். வலிப்போ மயக்கமோ ஏற்பட்டால் உடனே 108ஐ அழையுங்கள்.

வேலை உடையை வீட்டிற்குள் கொண்டுவராதீர்கள். குழந்தையின் துணிகளோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். துடைப்பத்தால் பெருக்கினால் தூசி மீண்டும் எழும் என்பதால், தரையை ஈரத்துணியால் துடையுங்கள்.