கணினி சொல்லும் அளவு, மிஸி எடுக்கும் முடிவு

ஜாசின் பக்கமோ அலோர் காஜா பக்கமோ நம்மவர் வீடுகளில் இனிப்பு நீர்க்காரர் ஒருவர்கூட இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், மலேசிய இந்தியர்களில் பெரியவர்கள் 100 பேருக்கு 31 பேர் நீரிழிவுக்காரர்கள். அப்போது நாட்டின் சராசரி 18. மாத்திரை, ஊசி, கிளினிக் அட்டை என்று இந்த நோயோடு வாழ நாம் பழகிவிட்டோம். ஆனால் அப்படிப் பழகிய ஒருவர், கால் புண்ணிலிருந்த கிருமி ரத்தத்தில் ஏறி, மலாக்கா பெரிய ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்துவிட்டால் பழைய கணக்கெல்லாம் தப்பிவிடுகிறது.

கடும் நோயில் உடல் கார்ட்டிசோலையும் அட்ரினலினையும் சுரக்கிறது. கல்லீரல் சீனியை ரத்தத்தில் கொட்டுகிறது. இன்சுலினுக்கு உடல் மசிவதில்லை. இதற்குமுன் இனிப்பு நீரே இல்லாதவருக்கும் இது நேரும். காலையில் போதாத இன்சுலின் இரவில் அதிகமாகி, சீனியை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடலாம். சுவாசக் குழாயோடு மயக்க மருந்தில் கிடப்பவரால் "படபடன்னு வருது மிஸி" என்று சொல்ல முடியாது. அவருக்காக அந்த மிஸி, அதாவது தாதிதான், மணிக்கணக்கு வைத்து ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்.

சீனியை எவ்வளவு இறக்குவது? 2001-இல் பெல்ஜியத்தின் லூவன் மருத்துவமனை 1,548 நோயாளிகளிடம் இறுக்கமான கட்டுப்பாட்டைச் சோதித்தது. தீவிர சிகிச்சைப் பிரிவு இறப்பு 8 விழுக்காட்டிலிருந்து 4.6 ஆனது. உலகமே அந்த வழியில் திரும்பியது. 2009-இல் நைஸ்-சுகர் ஆய்வு 6,104 பேரோடு வந்து நேர்மாறாகச் சொன்னது: இறுக்கிப் பிடித்த பிரிவில் 27.5 விழுக்காட்டினர் இறந்தார்கள், தளர்வாக விட்ட பிரிவில் 24.9. சீனி அபாயமாகத் தாழ்ந்தவர்கள் முன்னதில் 6.8 விழுக்காடு, பின்னதில் 0.5. நோயாளிக்கு நோயாளி, மணிக்கு மணி மாறும் உடலுக்கு ஒரே விதியைப் போட்டதில்தான் சிக்கல் என்று சில பொறியாளர்கள் கருதினார்கள்.

நைஸ்-சுகர் வருவதற்கு முன்பே, 2005-இல், நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச் மருத்துவமனை செய்த காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. கேன்டர்பரி பல்கலைக்கழகத்தார் கணித மாதிரியால் விடைகளைக் கண்டுபிடித்தார்கள். ஆனால் வார்டுக்குக் கணினியைக் கொண்டுபோகவில்லை. விடைகளை இரண்டு காகித அட்டைச் சக்கரங்களில் அச்சிட்டுத் தாதியர் கையில் கொடுத்தார்கள். ஒன்று இன்சுலினுக்கு, மற்றது குழாய் உணவுக்கு. சக்கரத்தைத் திருப்பினால் அடுத்த அளவு தெரியும். சீனி கட்டுக்குள் நின்றது. 5 நாளும் அதற்குமேலும் தங்கியவர்களிடம் இறப்பும் குறைந்தது என்று 2008-இல், 371 நோயாளிகளின் விவரத்தோடு எழுதினார்கள். முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிட்ட ஆய்வு என்பதால் இறப்புக் கணக்கை நான் எச்சரிக்கையோடுதான் வாசிக்கிறேன். தாதியர் அதை ஏற்றுப் பயன்படுத்தினார்கள் என்பதில் மட்டும் எனக்கு ஐயமில்லை.

அதன் அடுத்த தலைமுறைதான் 'ஸ்டார்' என்ற கணினி முறை. அது நம் நாட்டுக்கும் வந்தது. மலாக்காவுக்கு அல்ல, கிழக்குக் கரையில் குவாந்தானுக்கு. அங்குள்ள அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழக மருத்துவர்களும் தெனாகா நேஷனல் பல்கலைக்கழகப் பொறியாளர்களும் அதை மலேசிய நோயாளிகளிடம் சோதித்தார்கள். தாதி சீனி அளவைப் பதிந்ததும், இந்த உடல் இப்போது இன்சுலினுக்கு எவ்வளவு மசிகிறது, அடுத்த 3 மணி நேரத்துக்குள் எங்கெங்கே போகக்கூடும் என்று கணினி கணிக்கிறது. சீனி லிட்டருக்கு 4.4 மில்லிமோலுக்குக் கீழே இறங்கும் வாய்ப்பு 5 விழுக்காட்டைத் தாண்டாத அளவைப் பரிந்துரைக்கிறது. அடுத்த ரத்தப் பரிசோதனை 1 மணி நேரத்திலா, 2 மணி நேரத்திலா, 3 மணி நேரத்திலா என்று தேர்ந்தெடுப்பது தாதி. பக்கத்துக் கட்டிலில் ஒருவருக்கு மூச்சு திணறும் இரவில் அந்த உரிமையின் அருமை அவருக்குத்தான் தெரியும்.

பயனும் எளிமையும் இருந்தால் மனிதர்கள் தொழில்நுட்பத்தை ஏற்பார்கள் என்று 1989-இல் ஃபிரெட் டேவிஸ் என்ற ஆய்வாளர் எழுதினார். அவர் அலுவலகக் கணினிகளைப் பற்றி எழுதினார். உயிர் ஊசலாடும் அறையில் அவை இரண்டும் போதா. தவறினால் பதில் சொல்லவேண்டியவர் யார் என்ற கேள்வி அங்கே முன்னால் நிற்கிறது. பொய்யெச்சரிக்கையும் நம்பிக்கையை அரிக்கிறது. சான்ஃபிரான்சிஸ்கோவில் 5 தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் கண்காணிப்புக் கருவிகளில் ஒரே மாதத்தில் 25 லட்சம் எச்சரிக்கைகள் பதிவாயின. ஒலித்தவை மட்டும் கட்டிலுக்கு நாளொன்றுக்கு 187. ரத்தத் தொற்றை முன்கூட்டிச் சொல்வதாக விற்கப்பட்ட எபிக் நிறுவன மென்பொருளை 2021-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் சோதித்தபோது, தொற்று கண்டவர்களில் 67 விழுக்காட்டினரை அது தவறவிட்டிருந்தது. இப்படிப்பட்ட கருவியை ஒரு தாதி தள்ளிவைத்தால் அதைப் படிப்பில்லாத பிடிவாதம் என்று பேசுவது அநியாயம். கணினி சொன்னதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு செய்வதும் அதே அளவு ஆபத்து.

மலாக்காவின் வார்டுகளுக்கு எந்தக் கருவி வந்தாலும், இரவு ஷிஃப்டில் நிற்கும் தாதியரைக் கேட்டுத்தான் அது வரவேண்டும். பரிந்துரையை மறுத்தால் காரணத்தை எழுத அதில் இடமும் இருக்கவேண்டும். ஸ்கேனுக்குக் கொண்டுபோவதற்காகக் குழாய் உணவை நிறுத்தியிருப்பார்கள். யாரும் பதியாவிட்டால் கணினிக்கு அது தெரியாது, தாதிக்குத் தெரியும். அவர் இன்சுலினைக் குறைத்துவிட்டு "உணவு நிறுத்தம்" என்று ஒரு வரி தட்டுவார். இதே வரி பல கட்டில்களிலிருந்து வரும்போது, மாதிரியில் எந்த இடத்தைத் திருத்தவேண்டும் என்று பொறியாளருக்கும் தெரிந்துவிடும்.