ஓடும் கடையை எப்போது விடுவது?

நஷ்டத்தில் போகும் கடையை மூடும்படி எவரும் புத்தி சொல்லத் தேவையில்லை. கடன் கொடுத்தவர்கள் வாசலுக்கு வந்தால் அது தானாகவே மூடப்படும். லாச்சியில் தினமும் காசு விழும் கடையை விடுவதுதான் கஷ்டம். அதுவும் வாப்பா தொடங்கிய கடை என்றால் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் கடை உண்மையில் ஓடுகிறதா என்பதை லாச்சி சொல்லாது. மூன்று கணக்குகள் சொல்லும்.

முதலாவது, சம்பளமும் வாடகையும். சொந்தக் கட்டடத்தில் நாற்பது இலட்சம் ரூபா முதலில் நடக்கும் கடை, மாதம் 1,20,000 ரூபா இலாபம் தருகிறது என்று வைப்போம். அந்தக் கட்டடத்தை வாடகைக்குக் கொடுத்தால் 50,000 வரும். முதலாளியின் வேலைக்கு ஓர் ஆளை வைத்தால் 60,000 கொடுக்க வேண்டும். இரண்டையும் கழித்தால் மாதம் 10,000, வருடத்திற்கு 1,20,000 தான் மிச்சம்.

இரண்டாவது, ஸகாத். நாற்பது இலட்சத்திற்கு இரண்டரை வீதம் ஒரு இலட்சம். மீதி வெறும் 20,000. ஸகாத்தைக் குறை சொல்லவில்லை. முதல் வளரவில்லை என்பதை வருடா வருடம் நமக்குக் காட்டித் தரும் கணக்கு அது.

மூன்றாவது, விற்ற பணத்திற்கு அதே சரக்கை மீண்டும் வாங்க முடியுமா? 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் சுமார் 200 ரூபா. மே மாதத்தில் 360ஐத் தொட்டது. பத்து டொலர் சாமானை 2,000 ரூபாவுக்கு வாங்கி 2,500க்கு விற்றவர் கொப்பியில் 500 ரூபா இலாபம் எழுதினார். அதே சாமானுக்கு மறுபடி 3,600 தேவைப்பட்டது. வியாபாரம் சூடாக நடந்தது, முதல் கரைந்தது.

ஒரு வருடக் கணக்கு மோசமானால் அவசரப்பட வேண்டாம். நல்ல வியாபாரத்திற்கும் கெட்ட காலம் வரும். வாடிக்கையாளரின் பழக்கமே மாறிவிட்டதா என்று பாருங்கள். வெளிநாட்டு அழைப்புக்கு மக்கள் வரிசையில் நின்ற கொமியூனிகேஷன் கடைகளை நினைவிருக்கும். கைத்தொலைபேசி பரவியபின் அந்த வரிசை திரும்பவே இல்லை. ஓடும் கடைக்குப் பெயருக்கும் இடத்திற்கும் சேர்த்து விலை கிடைக்கும். நின்றுபோன கடையில் றாக்கைகளும் கண்ணாடி அலுமாரிகளும்தான் விலைபோகும். வெளியே நிற்கும் பாக்கியும் கடை திறந்திருக்கும்வரைதான் இலகுவாக வரும்.

விடுவதென்று தீர்மானித்தால் ஒழுங்காக விடுங்கள். முதலில் கடன்களைத் தீருங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளியின் 12 வீதமும் ஊழியரின் 8 வீதமும் நிலுவையின்றிக் கட்டப்பட்டிருக்க வேண்டும். பதினைந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்கு, வருடத்திற்கு அரை மாதச் சம்பளம் வீதம் பணிக்கொடை உண்டு. இரண்டு மூன்று பேர் மட்டும் வேலை செய்யும் கடையானாலும், இருபது வருடம் உழைத்தவரை வெறுங்கையோடு அனுப்புவது நமக்கு அழகல்ல.

வாப்பா நமக்குத் தந்தது பெயர்ப்பலகையை மட்டுமல்ல, முதலையும் நாணயத்தையும்தான். அவ்விரண்டும் கையில் இருக்கும்போதே வெளியேறினால் இன்னொரு வாசல் திறக்கும், இன்ஷா அல்லாஹ்.