பூசை நேரத்துச் சிரிப்பு

சர்க்கரைக் கிண்ணத்தில் இருப்பதைக் கொட்டிவிட்டு, குளியல் தொட்டியில் நுரை வருவதற்கான சோப்புத் தூளை நிரப்பிவைத்தால் என்ன ஆகும்? 1966-இல் வெளிவந்த ‘தி ட்ரபிள் வித் ஏஞ்சல்ஸ்’ என்ற ஹாலிவுட் படத்தில் மேரி கிளான்சி, ரேச்சல் டெவரி என்ற இரண்டு பெண்கள் இதைச் செய்தே பார்த்துவிடுகிறார்கள். சோதனைக்கு ஆளாகிறவர்கள், அவர்கள் தங்கிப் படிக்கும் செயின்ட் பிரான்சிஸ் அகாடமியை நடத்தும் கன்னியாஸ்திரீகள். கலக்கக் கலக்கக் கோப்பையில் நுரை பொங்குகிறது.

சோப்பு மூலக்கூறுக்குத் தலை ஒரு குணம், வால் ஒரு குணம். தலைக்குத் தண்ணீர் வேண்டும், வாலுக்கு ஆகாது. அதனால் வால்களெல்லாம் காற்றுப் பக்கம் நீட்டிக்கொண்டு நீரின் மேற்பரப்பில் வரிசைகட்டி நிற்கும். நீரின் பரப்பு இழுவிசை தளர்ந்துபோகும். கரண்டி உள்ளே இழுத்துவரும் காற்றை மெல்லிய நீர்த்தோல் சுற்றிக்கொள்ளும், சட்டென்று உடையாது. அதுதான் நுரை.

இன்னொரு நாள் மேரியின் உறவுக்காரப் பெண் மார்வல் ஆன் முகத்தில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைப் பூசி அச்செடுக்கப் பார்க்கிறார்கள். அது கழன்று வர மறுக்கிறது. வராது. ஜிப்சத்தைச் சுட்டு, அதில் அடங்கிய நீரில் முக்கால் பங்கை விரட்டியதுதான் அந்த வெள்ளைப் பொடி. தண்ணீர் பட்டதும் இழந்ததைத் திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடி ஜிப்சம் ஆகிறது. ஊசி ஊசியாகப் படிகங்கள் முளைத்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. புருவ மயிரும் கன்னத்துப் பூனைமுடியும் அந்தப் பின்னலுக்குள் அகப்பட்டால் பிறகு அவை முகத்துக்குச் சொந்தமில்லை, சிலைக்குச் சொந்தம். இறுகும்போது அது சூட்டையும் கக்கும். கனமாகப் பூசினால் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டித் தோலைப் பொசுக்கிவிடும். படத்தில் வேடிக்கை; வீட்டில் யாரும் முயல வேண்டாம்.

இதெல்லாம் பள்ளிக்கூட வேதியியல். பாடப்புத்தகத்தில் இல்லாத புதிர் ஒன்று இருக்கிறது. டீக்கடையில் ஒருவன் சர்க்கரையில் சோப்புத் தூள் கலந்தால் அடிதடிதான் வரும். அதையே கன்னியர் மடத்தில் இரண்டு சிறுமிகள் செய்தால் நமக்குக் குபீரென்று சிரிப்பு வருகிறது. ஏன்?

படத்தைத் திரும்பப் பார்த்தபோது ஒன்று பிடிபட்டது. சிரிப்பு வருவது குறும்பு நடக்கும்போது அல்ல. அது முடிந்த பிறகு, மடத்துத் தலைவியான மதர் சுப்பீரியர் ஒன்றும் பேசாமல் அந்தப் பெண்களைப் பார்த்துக்கொண்டு நிற்கும் சில நொடிகளில்தான். அந்த வேடத்தில் ரோசலிண்ட் ரஸ்ஸல். 1940-இல் ‘ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே’ படத்தில் மூச்சுவிடாமல் பேசிப் பேர் வாங்கியவர், இதில் பேசாமல் இருந்தே படத்தைத் தூக்கி நிறுத்துகிறார். மேரியாக நடித்த ஹெய்லி மில்ஸ் டிஸ்னி படங்களில் வளர்ந்த குழந்தை நட்சத்திரம். ரேச்சலாக நடித்த ஜூன் ஹார்டிங்குக்கு அப்போது முப்பதை நெருங்கும் வயது என்றால் நம்புவது கடினம். ஜேன் டிரேஹி தன் கான்வென்ட் நாள்களை வைத்து 1962-இல் எழுதிய புத்தகம்தான் கதைக்கு மூலம். இயக்கியவர் ஐடா லுபினோ. அந்தக் கால ஹாலிவுட்டில் பெண் இயக்குநர்களை எண்ண ஒரு கைவிரல்களே அதிகம். அவர் இயக்கிய கடைசித் திரைப்படமும் இதுதான். ஆண்கள் ஏறக்குறைய இல்லாத ஒரு உலகத்தை எடுக்க அவரிடம் கொடுத்தது நல்ல யோசனை. 1968-இல் வேறொருவர் இயக்கத்தில் வந்த இரண்டாம் பாகத்தைப் பற்றி அதிகம் சொல்லாமல் விடுவதே மரியாதை.

மடங்களுக்கும் சிரிப்புக்கும் பழைய பகை. ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் எழுதிவைத்த துறவற விதிகளில் தாழ்ச்சிக்குப் பன்னிரண்டு படிகள் உண்டு. பத்தாவது படி, எளிதில் சிரித்துவிடாமல் இருப்பது. இன்னொரு பக்கம், தொல்காப்பியம் நகை பிறப்பதற்குச் சொல்லும் நான்கு நிலைக்களன்களில் ஒன்று இளமை. பெனடிக்டின் படியில் ஏறிக்கொண்டிருப்பவர்களிடம் தொல்காப்பியர் சொன்ன இளமையை ஒப்படைத்து, ஒரே கூரையின் கீழ் தூங்கவைப்பதுதான் கான்வென்ட் விடுதி. படம் பிடிக்க இதற்கு மேல் கதை எதற்கு?

சிரிப்பை அறிவியல் வெகுகாலம் கண்டுகொள்ளவில்லை. நகைச்சுவையைப் பற்றித் தத்துவ ஞானிகள் எழுதினார்கள். சிரிப்பைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. அமெரிக்க நரம்பியலாளர் ராபர்ட் புரொவைன் குறிப்பேடும் கையுமாகக் கடைவீதிகளிலும் கல்லூரி வளாகங்களிலும் நின்று, ஜனங்கள் எப்போது சிரிக்கிறார்கள் என்று எழுதிவைத்தார். 1,200 சிரிப்புகள் சேர்ந்தன. அவற்றில் நகைச்சுவை என்று சொல்லத்தக்க பேச்சைத் தொடர்ந்து வந்தவை 20 சதவீதம்கூடத் தேறவில்லை. மற்றதெல்லாம் “சரி, அப்புறம் பார்ப்போம்” போன்ற சப்பென்ற வார்த்தைகளுக்குப் பின்னால் வந்த சிரிப்பு. தனியே இருப்பதைவிட ஆளோடு இருக்கும்போது மனிதர்கள் முப்பது மடங்கு அதிகமாகச் சிரிக்கிறார்கள் என்பதும் அவர் கணக்கு. ஆக, சிரிப்புக்கு ஜோக் தேவையில்லை. பக்கத்தில் ஆள் தேவை. மேரிக்கு ஒரு ரேச்சல் கிடைக்காமல் போயிருந்தால் படமே இல்லை.

சிரிக்கும்போது உடலில் நடப்பதைப் பார்த்தால், அது பேச்சைவிட மூச்சுக்கு நெருக்கமான காரியம் என்று தெரியும். விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகளும் வயிற்றுத் தசைகளும் துடித்துத் துடித்துக் காற்றை வெளியே தள்ளுகின்றன. ‘ஹ’ என்ற ஒவ்வொரு துண்டும் ஒரு நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு நீளம். ஒன்று தொடங்கி அடுத்தது தொடங்க ஐந்தில் ஒரு நொடி. யார் சிரித்தாலும் தாளம் ஏறக்குறைய இதுதான். இந்தத் தாளத்தை வாயை மூடி நிறுத்த முடியாது, ஏனென்றால் அது வாயில் பிறப்பதில்லை. உதட்டை இறுக்கினால் காற்று மூக்கு வழியாகப் பீய்ச்சும். மூக்கையும் பிடித்தால் தோள் குலுங்கும். பூசை நேரத்தில் முன்வரிசைப் பெண்ணின் தோள் குலுங்குவது பின்வரிசைக்கு நன்றாகத் தெரியும். அவ்வளவுதான், வரிசை முழுக்கக் காலி.

மனதைக் கொண்டு அடக்கலாமே என்றால், அங்கேயும் சிக்கல். முகத்துக்கு மூளையிலிருந்து இரண்டு பாதைகள் வருகின்றன. ஒன்று நாம் வேண்டுமென்று முகத்தை அசைப்பதற்கு. பெருமூளைப் புறணியிலிருந்து வருவது. இன்னொன்று உணர்ச்சிக்கு, மூளையின் ஆழத்திலிருந்து மூளைத்தண்டு வழியாக வரும் பழைய பாதை. பக்கவாதம் வந்த சிலரிடம் இது பளிச்சென்று தெரியும். “சிரியுங்கள்” என்று மருத்துவர் சொன்னால் ஒரு பக்க உதடு அசையாது. பேரன் வந்து ஏதாவது சேட்டை செய்தால் இரண்டு பக்கமும் மலர்ந்துவிடும். இதற்கு நேர்மாறான நோயாளிகளும் உண்டு. சேப்பலில் முழந்தாளிட்டிருக்கும் பெண்ணின் முகத்தில் நடப்பது இந்த இரண்டு பாதைகளுக்கும் இடையே மல்லுக்கட்டு. பழைய பாதைக்கு வயது கோடி ஆண்டுகளுக்கு மேல். கிச்சுக்கிச்சு மூட்டினால் குரங்கினங்களும் சிரிப்பை ஒத்த மூச்சொலி எழுப்புகின்றன. எலிகள்கூட நம் காதுக்கு எட்டாத சுருதியில் கிறீச்சிடுகின்றன. நேற்று வந்த விடுதிக் கட்டுப்பாடு அதனிடம் எத்தனை நிமிடம் தாக்குப்பிடிக்கும்?

போதாதென்று, அடக்க நினைப்பதே வினையாகிவிடுகிறது. குரங்கை நினைக்காமல் மருந்து குடி என்று வைத்தியர் சொன்ன கதை நமக்குத் தெரியும். 1987-இல் டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் இதைக் குரங்குக்குப் பதில் வெள்ளைக் கரடியை வைத்துச் சோதித்தார். ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள், நினைத்தால் மணியடியுங்கள் என்றார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஒரு நினைப்பு வருகிறதா என்று காவல் காக்க வேண்டுமானால், அது எப்படி இருக்கும் என்பதை மூளை ஞாபகம் வைத்திருக்க வேண்டும் அல்லவா? காவல்காரனே கதவைத் திறந்துவிடுகிறான்.

அடக்கியது உடைந்த பிறகு வரும் சிரிப்பு சாதாரணச் சிரிப்பல்ல. விழுந்து விழுந்து சிரித்தோம் என்கிறோமே, அது வெறும் சொல்லலங்காரம் இல்லை. 1999-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் காலின் நரம்பில் சிறு மின்தூண்டல் கொடுத்துத் தசை எப்படி எதிர்வினை செய்கிறது என்று அளந்தார்கள். மனதாரச் சிரிக்கும்போது அந்த அனிச்சைச் செயல் வெகுவாகத் தணிந்துபோனது. தசை உண்மையாகவே துவண்டுபோகிறது. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது நடிப்பல்ல.

சிரிப்பு எவ்வளவு தூரம் பரவும் என்பதற்கு ஒரு பெண்கள் விடுதிப் பள்ளியே சாட்சி. அது ஆப்பிரிக்காவில், விக்டோரியா ஏரியின் மேற்குக் கரைப் பக்கம், காஷாஷா என்ற ஊரில் மிஷனரிகள் நடத்திய பள்ளி. அந்த ஊர் அடங்கிய டங்கனிகா நாடு விடுதலை பெற்று இரண்டு மாதம்கூட ஆகவில்லை. 1962 ஜனவரி 30 அன்று மூன்று மாணவிகளுக்குச் சிரிப்பு வந்தது, நிற்கவில்லை. 159 பேரில் 95 பேரை அது பிடித்துக்கொண்டது. சிலருக்குச் சில மணி நேரம், சிலருக்கு விட்டுவிட்டுப் பதினாறு நாள் வரை. மார்ச்சில் பள்ளியை மூடினார்கள். பெண்கள் வீடு திரும்பினார்கள். சிரிப்பும் கூடவே போய் அக்கம்பக்கத்து ஊர்களில் இறங்கியது. மருத்துவர்கள் கிருமியைத் தேடினார்கள், உணவில் நஞ்சு தேடினார்கள். ஒன்றும் அகப்படவில்லை. இதைச் சிரிப்புக் கொள்ளைநோய் என்று வேடிக்கையாக எழுதுகிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள்: அந்தப் பெண்கள் சிரித்தது மட்டுமல்ல, அழுதார்கள், ஓடினார்கள், தடுத்தவர்களை எதிர்த்தார்கள். அங்கே யாருக்கும் எதுவும் வேடிக்கையாக இல்லை. கண்டிப்பான விடுதி, ஊரை விட்டு வந்த வயது, சொல்லி ஆற்றிக்கொள்ள வழியில்லாத மன இறுக்கம். அது கூட்டமாக வெடித்தது என்பதே இன்றைக்குப் பலர் ஏற்கும் விளக்கம்.

காஷாஷாவில் ஆசிரியர்கள் ஒருவரையும் அது தொடவில்லை. ஒரே கட்டடம், ஒரே காற்று, ஒரே சாப்பாட்டு மணி. ஆனாலும் சிரிப்பு கிருமி மாதிரி கண்டவரையெல்லாம் தொற்றுவதில்லை. அது நம்மவர் யார் என்று பார்த்துத்தான் தாவும். கன்னியர் மடத்து நகைச்சுவையின் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது என்பேன். ஒரு பக்கம் சிரிப்பு தாவித் தாவிப் போகும் கூட்டம். எதிரே அது தாவாத ஒரு முகம். அந்தக் காலத்து அங்கியோ நெற்றியையும் காதையும் கழுத்தையும் மூடிவிட்டு, கண்ணும் மூக்கும் வாயும் மட்டும் தெரியச் சட்டம் போட்டுக் காட்டும். உதட்டோரம் நூலளவு அசைந்தாலும் கண்ணில் படும். ரஸ்ஸலின் உதடு சில இடங்களில் அப்படி அசையப் பார்க்கிறது, அசையவில்லை. அசைந்துவிடுமோ என்று நாம் காத்திருப்பதுதான் அந்தப் படம். படம் வெளிவருவதற்குச் சில மாதங்களுக்கு முன்னால், 1965 அக்டோபரில், துறவிகளின் உடை எளிமையாக வேண்டும் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் ஆணை எழுதியிருந்தது. அமெரிக்காவில் அப்போது ஒரு லட்சத்து எண்பதாயிரம் கன்னியர் இருந்தார்கள். சில ஆண்டுகளில் பலர் அந்த அங்கியைக் கழற்றிவிட்டார்கள். அந்தச் சட்டம் போட்ட முகத்தை வைத்து இப்படிச் சிரிக்கவைக்கக் கிடைத்த கடைசி வாய்ப்புகளில் ஒன்று இது.

சிரிப்பும் அழுகையும் மூளைத்தண்டில் அண்டைவீட்டுக்காரர்கள். இரண்டுக்கும் அதே மூச்சுத் தசைகள்தான், அதே குலுக்கல்தான், கண்ணீரும் பொது. மேலிருந்து வரும் கட்டுப்பாடு நோயால் அறுந்துபோனவர்களில் சிலர், துக்கமில்லாமலே விம்மி விம்மி அழுவார்கள். சிலருக்கு அழுகை நடுவில் சிரிப்பாக மாறும். தோள் குலுங்குவதைப் பின்னாலிருந்து பார்ப்பவருக்கு எது எது என்று சட்டென்று சொல்லத் தெரியாது.

படத்தின் கடைசிப் பகுதியில், கணக்குப் பாடம் நடத்திய சிஸ்டர் லிகோரி இறந்துபோகிறார். மற்றவர்கள் முன்னால் மதர் சுப்பீரியரின் முகம் எப்போதும்போலத்தான் இருக்கிறது. பிறகு சவப்பெட்டியின் பக்கத்தில் தனியாக நிற்கும்போது உடைந்து அழுகிறார். மூன்று ஆண்டுகளாகப் பாத்திரம் கழுவும் தண்டனையைத் திரும்பத் திரும்ப வாங்கிய மேரி, அதை மறைவில் நின்று பார்த்துவிடுகிறாள். அவள் முகத்திலும் எதுவும் அசையவில்லை. பள்ளி முடிந்து ஊர் திரும்பும் நாளில் ரயிலில் ரேச்சல் மட்டும் ஏறுகிறாள்.