உங்களுக்குத் தெரியுமா? எச்சரிக்கை எண்ணைத் தேடாது, இடத்தைத் தேடும்

திருச்சி வானொலி 1939 மே 16 முதல் ஒலிக்கிறது. ஆனால் பெட்டியைத் திறந்து வைத்திருப்பவருக்குத்தான் வானிலைச் சேதி கிடைக்கும். இந்தக் குறையைத் தீர்க்க, 1980களில் இன்சாட் செயற்கைக்கோள் வழிப் புயல் எச்சரிக்கைக் கருவிகள் கடலோர ஊர்களுக்கு வந்தன. ஆபத்துள்ள பகுதியின் கருவிகள் மட்டும் தாமே விழித்து, சங்கொலி எழுப்பி, உள்ளூர் மொழியில் பேசின. எத்தனை அருமையான ஏற்பாடு!

இப்போது கைபேசிக் கோபுரங்களின் முறை. ‘செல் பிராட்காஸ்ட்’ எச்சரிக்கை 2023இல் நாட்டின் பல மாநிலங்களில் சோதிக்கப்பட்டது. இதற்கு எண் பட்டியலே வேண்டாம். கோபுர எல்லைக்குள் இருக்கும், இந்த வசதியுள்ள கைபேசிகளுக்கெல்லாம் ஒரே நேரத்தில் சேதி போகும். ஆடி வெள்ளிக்குச் சமயபுரத்தாளைக் கும்பிட வந்த வெளியூர்க்காரருக்கும் கொள்ளிடத்து வெள்ளத்தைப் பற்றி இப்படிச் சொல்லிவிடலாம்.