சிப்பின் பக்கத்தில் ஒரு குடம்

வாப்பா பனிச்சங்கேணிக்குப் போய் இறால் வாங்கி வருபவர். ஐஸ் பெட்டிக்குள் சூடு ஏறினால் சத்தமிடும் கருவி ஒன்றைச் சென்ற வருடம் அவருக்காகச் செய்தேன். 28 கால்கள் கொண்ட ஏ.டி.மெகா 328 சிப், வெப்ப உணரி, சிறிய பசர், அவ்வளவுதான். சில நிமிடம் ஒழுங்காக வேலைசெய்யும். பிறகு காரணமில்லாமல் முதலிலிருந்து தொடங்கும். "இத நம்பி இறால ஏத்தலாமா மகள்?" என்று வாப்பா கேட்டார். சிப் பழுது, புதிது வாங்கு என்றார்கள் கடையில். அவர் காசில் இன்னொன்று வாங்கினேன். அதுவும் அப்படியே.

பழுது சிப்பில் இல்லை. அதற்கு மின் வந்த வழியில் இருந்தது.

அந்தச் சிப் செக்கனுக்கு 1 கோடியே 60 இலட்சம் தடவை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் ஆயிரக்கணக்கான திரான்சிஸ்டர்கள் ஒன்றாகத் திறந்து மூடி, ஒரு மிடறு ஓட்டத்தைக் கேட்கின்றன. பற்றறியில் ஓட்டம் தாராளமாக உண்டு. ஆனால் வயர் சோம்பேறி; ஓட்டம் திடீரென மாறுவதை எதிர்க்கும். உயர்தரத்தில் படிக்கும் தூண்டுதிறன் இதுதான். ஒரு மில்லிமீற்றர் வயருக்கு ஏறத்தாழ 1 நனோஹென்றி. 10 சென்ரிமீற்றர் வயர் வழியே 5 நனோசெக்கனுக்குள் 50 மில்லிஅம்பியர் கேட்டால், சுமார் 1 வோல்ற்று வழியிலேயே தொலைந்துவிடும். 5 வோல்ற்று கொடுத்தோம் என்று நாம் நினைக்க, சிப்புக்கு அந்தக் கணம் 4 தான் கிடைக்கிறது. மீற்றர் வைத்தால் 5 என்றே காட்டும். அவ்வளவு விரைவானதைப் பிடிக்க அதனால் முடியாது. நான் ஏமாந்தது அங்கேதான்.

கிணறு நிறையத் தண்ணீர் இருந்தும் உம்மா அடுப்பருகே குடம் வைப்பது எதற்கு? கறி அடிப்பிடிக்கும்போது கிணற்றுக்கு ஓட முடியாதே. சிப்புக்கு அந்தக் குடம் கொள்ளளவி. '104' என்று அச்சிட்ட, பருப்பளவான பொருள்; 0.1 மைக்ரோபரட். ஒரு தேநீரின் விலைகூட இல்லை. முதலில் அழகுக்காகப் பலகையின் மூலையில் வைத்தேன். பயனில்லை. கிணற்றடியில் குடத்தை வைத்துவிட்டு அடுப்படியில் தேடிய கதை! சிப்பின் மின் காலுக்கும் நிலக் காலுக்கும் ஒட்டினாற்போல் பற்றுவைத்த பிறகுதான் கருவி அடங்கியது. பசரின் பெரிய இழுப்புக்காக, மின் நுழையும் இடத்தில் 100 மைக்ரோபரட் ஒன்றும் சேர்த்தேன்.

கைபேசிப் பலகைக்குள் இன்னொரு ஏற்பாடும் உண்டு. ஒடுங்கிய கோடுகளுக்குப் பதிலாக, மின்னுக்கும் நிலத்துக்கும் முழுச் செப்புத் தகடுகளையே உள்ளே விரிக்கிறார்கள். பாலத்தடியில் ஒடுங்கும்போது நீர் இழுக்கும். விரிந்த களப்பில் அசைவே தெரியாது. அதுபோல அகன்ற தகட்டில் தூண்டுதிறன் மிகக் குறைவு. நெருங்கிக் கிடக்கும் இரு தகடுகளும் தாமே ஒரு சிறு கொள்ளளவி. கொள்வது கொஞ்சம், கொடுப்பது மிக வேகம்.

கருவி இப்போது வாப்பாவின் பெட்டியோடு பனிச்சங்கேணிப் பாலம் கடந்து போய் வருகிறது. முதல் சிப்பையும் மாட்டிப் பார்த்தேன். நல்ல சிப். லாச்சிக்குள் இருக்கிறது.