சாயம் ஏறுவதும் படலம் பிடிப்பதும்

சின்னமனூர் வெற்றிலைக்குத் தனிப் பேர் உண்டு. ஆனால் அந்த வெற்றிலையை வெறுமனே மென்றால் வாய் சிவக்காது. பாக்கைச் சேர்த்தாலும் அவ்வளவாகச் சிவக்காது. சுண்ணாம்பு தடவிய பிறகுதான் சிவப்பு வரும். பாக்கிலுள்ள துவர்ப்புப் பொருள்கள் சுண்ணாம்பின் காரத்தில் காற்றின் ஆக்சிஜனோடு வினைபுரிந்து சிவப்பு நிறமியாக மாறுகின்றன. அந்தச் சிவப்பு நாக்கிலும் உதட்டிலும் ஏறிவிட்டால், வாய் கொப்பளித்தாலும் லேசில் போகாது. கம்பம் பள்ளத்தாக்கின் பழைய நீடிக்கும் லிப்ஸ்டிக் இதுதான். பாக்கைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகையில் உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகமை வைத்திருப்பதால், இதை யாருக்கும் சிபாரிசு செய்ய முடியாது.

அதே மண்ணில் விளைந்து, 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய பன்னீர் திராட்சையை ஒரு கொத்து தின்றாலும் நாக்கு ஊதாவாகும். ஆனால் அதன் நிறமி தண்ணீரில் கரையக்கூடியது. இரண்டு மடக்குத் தண்ணீரில் பெரும்பகுதி போய்விடும். பகல் முழுக்க எச்சில் படுகிற உதட்டில் ஒரு நிறம் நிற்க வேண்டுமானால், ஒன்று அது தோலைப் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் தண்ணீருக்கு அசையாத ஒரு படலத்துக்குள் ஒளிந்துகொள்ள வேண்டும். தேனி கடைத்தெருவின் ஃபேன்சி ஸ்டோரில் நூறு, இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும், நீடித்து நிற்கும் லிப்ஸ்டிக்கும் சரி, சென்னை மாலில் இரண்டாயிரத்துக்கு விற்பதும் சரி, இந்த இரண்டில் ஒரு வழியில்தான் போகின்றன. சில இரண்டிலும் கால் வைக்கும்.

சாதாரணக் குச்சி லிப்ஸ்டிக் என்பது மெழுகும் எண்ணெயும் நிறமியும் சேர்ந்த கலவை. எண்ணெய் பெரும்பாலும் நம் விளக்கெண்ணெய்தான். குழைவாக இருக்கும், நிறமியை நன்றாகத் தாங்கும். ஆனால் உதட்டின் மேல் சும்மா உட்கார்ந்திருப்பதால் டம்ளரிலும் கைக்குட்டையிலும் ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.

இதை மாற்றியதில் பெரும் பங்கு இயோசின் என்ற சாயத்துக்கு உண்டு. 1870களில் ஜெர்மானிய வேதியியலர் ஹைன்ரிக் காரோ உருவாக்கியது. புரதத்தைப் பிடித்துக்கொள்வது இதன் குணம். எந்த ஆஸ்பத்திரியின் நோயியல் கூடத்திலும் திசுச் சீவலை நுண்ணோக்கியில் பார்க்குமுன் இளஞ்சிவப்பாக்குவது இதே இயோசின்தான். பிரான்சில் 1927இல் பால் போத்குரூ இதை லிப்ஸ்டிக்கில் போட்டு 'ரூஜ் பெசே' என்று விற்றார். உதட்டை வறளச் செய்கிறது என்ற புகார் கூடவே வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது விமான எரிபொருள் ஆராய்ச்சியில் இருந்த அமெரிக்க வேதியியலர் ஹேசல் பிஷப், தன் வீட்டுச் சமையலறையில் முந்நூறுக்கு மேற்பட்ட கலவைகளைச் செய்து பார்த்து, வறட்சியும் குறைந்து நிறமும் நிற்கிற ஒன்றைக் கண்டுபிடித்தார். 1950இல் நியூயார்க் கடையில் அதன் விலை ஒரு டாலர். மலிவும் உழைப்பும் ஒன்றாகக் கிடைக்காது என்ற நினைப்பு அப்போதே பொய்த்துவிட்டது.

வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா போன்ற கூட்டங்களில், வளையல் கடைகளுக்கு நடுவே பச்சை நிறக் குச்சி ஒன்றைக் காட்டி, உதட்டில் பட்டால் ரோஜா நிறமாகும் என்று விற்கும் சமாச்சாரமும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். இயோசினின் உறவுக்காரச் சாயம் ஒன்று ஈரமில்லாத மெழுகுக்குள் நிறமற்றுக் கிடக்கும். உதட்டின் ஈரமும் அமிலகாரத் தன்மையும் பட்டதும் நிறம் காட்டும். பச்சை வேறு ஒரு மெல்லிய சாயம், பூசியதும் தெரியாமல் போய்விடும். அவரவர் மனநிலைக்கு ஏற்ப நிறம் மாறும் என்பது மட்டும் கடைக்காரர் கைச்சரக்கு.

இரண்டாவது வழி படலம். 'மேட்' என்று விற்கும் திரவ லிப்ஸ்டிக்கில் ஐசோடோடெக்கேன் என்ற, சீக்கிரம் ஆவியாகும் திரவம் இருக்கும். பூசிய ஓரிரு நிமிடங்களில் அது பறந்துவிட, சிலிக்கோன் பிசினும் நிறமியும் இறுகி மெல்லிய தோலாகப் பிடித்துக்கொள்ளும். 2000 வாக்கில் மேக்ஸ் ஃபேக்டரின் 'லிப்ஃபினிட்டி' இந்த முறையைப் பிரபலமாக்கியது. இன்று குறைந்த விலைப் பொருள்களிலும் இதே கரைப்பான், இதே வகைப் பிசின். டப்பாவின் பின்புறப் பொடி எழுத்தைப் படித்தால் தெரியும்.

டப்பாவின் முன்புறத்தில் போட்டிருக்கும் 12 மணி, 24 மணிக் கணக்கை நான் பொருட்படுத்துவதில்லை. அந்த நேரத்தில் சாப்பிட்டார்களா, என்ன சாப்பிட்டார்கள் என்று அதில் இருக்காது. புறங்கையில் கோடு போட்டுப் பார்ப்பதிலும் பாதி ஏமாற்றம்தான். கை பேசுவதில்லை, தின்பதில்லை. உதட்டின் மேல்தோலோ மிக மெல்லியது, எண்ணெய்ச் சுரப்பியும் வியர்வைச் சுரப்பியும் இல்லாதது.

உருப்படியான சோதனையை வீட்டிலேயே செய்யலாம். கீழுதட்டின் இடது பாதியில் ஒரு லிப்ஸ்டிக், வலது பாதியில் இன்னொன்று. ஒரே உதடு, ஒரே சாப்பாடு என்பதால் ஒப்பீடு நியாயமாக இருக்கும். பலருக்கும் மெல்லுவதற்கு ஒரு பக்கம் பழக்கம் என்பதால், மறுநாள் பக்கத்தை மாற்றிப் பூச வேண்டும். காய்ந்த பின் டிஷ்யூவை ஒற்றி, எவர்சில்வர் டம்ளரில் டீ குடித்து, விளிம்பைப் பார்க்கலாம். இது தண்ணீர்ச் சோதனை. பல மலிவு லிப்ஸ்டிக்குகள் இதில் ஜம்மென்று தேறிவிடும். அசல் பரீட்சை பரோட்டாவும் சால்னாவும். எண்ணெய் எண்ணெயைக் கரைக்கும், சிலிக்கோன் படலத்தையும் இளக்கும். சாப்பிட்டு முடித்து ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணாடியைப் பார்த்தால், உதட்டின் உள்விளிம்பில் திட்டாக உரிந்து, வெளிவிளிம்பு மட்டும் கோடு போட்டதுபோல் நிற்கிறதா? அது படலம். ஒரே சீராக வெளுத்திருந்தால் சாயம். சந்தேகமிருந்தால் பஞ்சில் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைக்கலாம். படலம் கழன்று பஞ்சோடு வந்துவிடும். அதற்குப் பிறகும் மிஞ்சுகிற ரோஜா நிறம் தோலில் ஏறிய சாயத்தின் கணக்கு.

நாள் முழுக்க நின்றபடி வாடிக்கையாளரிடம் பேசும் ஜவுளிக்கடைப் பெண்களுக்கு, உரிந்தால் அசிங்கமாகத் தெரியும் படலத்தைவிட, மெதுவாக வெளுக்கும் சாயமே தேவலை என்பது என் கட்சி. ஆனி ஆடிக் காற்று பள்ளத்தாக்கில் வீசும் மாதங்களில் இது இன்னும் பொருந்தும். காற்றில் உதடு வறண்டு செதில் எழும்போது, படலமும் செதிலோடு சேர்ந்தே பெயர்ந்துவிடும். முதலில் கொஞ்சம் நெய்யோ வாசலினோ தடவி, நன்றாக ஒற்றி எடுத்துவிட்டுப் பூசினால் செதில் அடங்கும். ஒற்றாமல் பூசினால் படலம் பிடிக்கவே பிடிக்காது. இயோசின் வகைச் சாயம் ஒருசிலருக்கு அரிப்பையும் உதட்டுக் கருமையையும் கொடுக்கும். அவர்கள் படலத்தோடு இருப்பதே நல்லது.

மலிவு என்றதும் ஈயத்தைப் பற்றிய பயம் வரும். ஈயத்தை யாரும் வேண்டுமென்று போடுவதில்லை. நிறமிகளோடு மண்ணிலிருந்து ஒட்டிவருகிறது. 400 லிப்ஸ்டிக்குகளைச் சோதித்த அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், பத்து லட்சத்தில் சராசரியாக 1.11 பங்கும், அதிகபட்சமாக 7.19 பங்கும் ஈயம் இருக்கக் கண்டது. அழகுசாதனத்தில் சேர்க்கும் செயற்கைச் சாயங்களுக்கு இந்திய விதியின் வரம்பு 20 பங்கு. லிப்ஸ்டிக்குக்கென்றே ஐ.எஸ். 9875 என்ற தரநிர்ணயமும் இருக்கிறது. ஆகவே பயப்பட வேண்டியது விலையைப் பார்த்து இல்லை. தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி, உட்பொருள் பட்டியல் இவற்றில் ஒன்றுமில்லாமல் தட்டில் குவித்து விற்பதைத்தான் தள்ளிவைக்க வேண்டும்.

சித்திரை வெயிலில் பஸ்ஸில் போய்வந்த கைப்பையைத் திறந்தால், குச்சியின் மேல் முத்து முத்தாகத் துளிகள் நிற்கும். கெட்டுவிட்டதென்று தூக்கி எறிய வேண்டாம். சூட்டில் மெழுகின் பிடி தளர்ந்து வெளியே கசிந்த எண்ணெய் அது. துடைத்துவிட்டு, நிழலான இடத்தில் வைத்தால் போதும். மோந்து பார்க்கும்போது பழைய முறுக்கின் சிக்கு வாடை அடித்தால் மட்டும் குப்பைக்கு அனுப்பலாம்.