முதலிடம் எப்படிக் கணக்காகிறது?

யாங்கூன் மாநகர வளர்ச்சிக் குழுவின் வானொலி, சிட்டி எஃப்எம். 89 மெகாஹெர்ட்ஸில் ஒலிப்பது. நேயர்களுக்குப் பிடித்த பாட்டுக்கும் பாடகருக்கும் ஆண்டு விருது தந்து பெயர் பெற்றது. பாட்டுகளை இப்படி வரிசைப்படுத்தும் வேலை எப்படி நடக்கும்? இதைப் புரிந்துகொள்ள, இந்தியத் திரைப்பாட்டுத் தரவரிசைக்கு முன்னோடியான ஒரு நிகழ்ச்சியைப் பார்க்க வேண்டும்.

1952இல் இந்திய அமைச்சர் பி.வி.கேஸ்கர் ஆல் இந்தியா ரேடியோவிலிருந்து திரைப்பாட்டை ஓரங்கட்டினார். நேயர்கள் இலங்கை வானொலிக்குத் திரும்பினார்கள். நம் வீடுகளில் அறிவிப்பாளர் மயில்வாகனத்தின் தமிழைக் கேட்க வைத்த அதே நிலையம்தான். உலகப் போரில் ராணுவம் விட்டுச்சென்ற சிற்றலை ஒலிபரப்பி அங்கே இருந்தது. சிற்றலை வானின் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி இறங்கும்.

1952 டிசம்பர் 3, புதன்கிழமை, அறிவிப்பாளர் அமீன் சயானியின் 'பினாகா கீத்மாலா' அந்த நிலையத்தில் தொடங்கியது. பம்பாயில் பதிவான நாடா விமானத்தில் கொழும்புக்குப் போய், இரவு எட்டு மணிக்கு ஒலித்தது. முதலில் வரிசையெல்லாம் கிடையாது. ஏழு பாட்டு ஒலிக்கும். அவற்றைத் தரவரிசைப்படுத்தி நேயர்கள் எழுத வேண்டும். முதல் நிகழ்ச்சிக்கே 9,000 கடிதங்கள் வந்து குவிந்தன. பிறகு அது 16 பாட்டுகளின் வாராந்தரப் பட்டியலானது. ஒவ்வொரு இடத்துக்கும் 'படி' என்று பெயர். உச்சிப் படிக்கு முன் எக்காளம் முழங்கும்.

எதை எண்ணினார்கள்? இசைத்தட்டுக் கடைகளின் விற்பனையை. அதில் ஒரு ஓட்டை உண்டு. கடையில் தட்டு தீர்ந்துபோனால், ஊரே விரும்பும் பாட்டும் கணக்கில் கீழே இறங்கிவிடும். அதனால் ஊர் ஊராக இருந்த நேயர் மன்றங்களின் விருப்பத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். இந்த ஒட்டுவேலைதான் பட்டியலுக்கு உயிர் கொடுத்தது என்பேன்.

வாரப் பட்டியல்களைக் கூட்டிப் போடும் ஆண்டுப் பட்டியலில் இன்னொரு சிக்கல். எளிய கணக்கு ஒன்று போடுவோம். முதலிடத்துக்கு 16 புள்ளி, கடைசி இடத்துக்கு 1. ஆறு வாரம் உச்சியில் இருந்த பாட்டு 96 புள்ளி பெறும். ஒருமுறைகூட உச்சியைத் தொடாமல், இருபது வாரம் நான்காம் இடத்திலேயே நின்ற பாட்டுக்கோ 260! நவம்பரில் வெளியான பாட்டின் கதி இன்னும் பரிதாபம். எவ்வளவு பிடித்திருந்தாலும் அதற்குக் கிடைப்பது சில வாரங்களே. ஆண்டு முதலிடம் என்பது ஒரு நாள் ஆரவாரமல்ல, நீடித்த அன்பின் கூட்டுத்தொகை. 1955இல் அந்த இடம் 'ஸ்ரீ 420' படத்தின் 'மேரா ஜூதா ஹை ஜப்பானி' பாட்டுக்குக் கிடைத்தது.

யாங்கூனோ சென்னையோ, எந்த நிலையமாக இருந்தாலும் சரி: பட்டியலை வாசிக்கும்போது எதை எண்ணினோம், எத்தனை வாரம் எண்ணினோம் என்பதையும் சேர்த்து வாசியுங்கள். கடிதம் எழுதிய நேயருக்கு அதைக் கேட்க உரிமை இருக்கிறது.